டிசம்பரில் ஆள் தேவை, பிப்ரவரியில் இல்லை: தென்னாப்பிரிக்கச் சுற்றுலாத் தலங்களில் வேலை எப்படி நடக்கிறது?

ஆண்டின் கடைசி மாதங்களில் டர்பன் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான அறிவிப்புகள் சுற்றத் தொடங்கும். நீர்ப்பூங்காவுக்கு ஆள் வேண்டும், டிக்கெட் கவுண்ட்டருக்கு ஆள் வேண்டும், வழிகாட்டிக்கு ஆள் வேண்டும். ஒன்றில் ‘பருவகாலப் பணி’ என்றிருக்கும், இன்னொன்றில் ‘குறித்த கால ஒப்பந்தம்’, வேறொன்றில் ‘லேர்னர்ஷிப்’ என்ற படிப்போடு சேர்ந்த பயிற்சி, மற்றொன்றில் ‘தன்னார்வலர், அனுபவச் சான்றிதழ் தரப்படும்’. மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த பிள்ளைக்கு எல்லாமே வேலையாகத்தான் தெரியும். சட்டத்தின் கண்ணில் இவை வெவ்வேறு நிலைகள்; கூலியும் உரிமையும் அதற்கேற்ப மாறும். இந்த வகைகள் ஏன் தோன்றின என்று புரிந்துகொள்ள, தொழிலின் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

தலம் யாருடையது?

டிக்கெட் எடுத்தோ எடுக்காமலோ மக்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பும் இடங்களைத்தான் இங்கே சுற்றுலாத் தலம் என்கிறேன். ஹோட்டல், விமானம், பயண முகவர் ஆகியவை இதில் சேராது. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் உடைமை வேறுவேறு.

டர்பன் பாயின்ட் பகுதியில் 2004இல் திறக்கப்பட்ட ஊஷாகா மரைன் வேர்ல்ட் என்ற கடல்சார் பூங்கா, டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சிக்குச் சொந்தமான நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதற்குள்ளேயே மீன்காட்சியகத்தின் விலங்குப் பராமரிப்பும் அறிவியல் பணியும் 1951இல் தொடங்கிய கடலுயிர் ஆய்வுச் சங்கத்தின் பொறுப்பு. ஆக, ஒரே வாசலில் நுழையும் இரண்டு பேருக்கு இரண்டு முதலாளிகள் இருக்கலாம். ராபன் தீவு அரசு அருங்காட்சியகம்; ஒரு காலத்தில் அங்கே அடைபட்டிருந்த அரசியல் கைதிகளே சிறைக்கூடத்தைச் சுற்றிக்காட்டும் வழக்கம் அதன் தனிச்சிறப்பு. ஜோகன்னஸ்பர்க்கின் கோல்டு ரீஃப் சிட்டி, பழைய தங்கச் சுரங்கத்தின் மேல் எழுந்த தனியார் கேளிக்கைப் பூங்கா. அதன் பக்கத்தில் 2001இல் திறந்த அபார்தைட் அருங்காட்சியகம் காசினோ உரிமத்துக்காகக் கொடுத்த சமூக வாக்குறுதியிலிருந்து பிறந்தது. சூதாட்ட மேசையின் பணத்தில் நிறவெறியின் வரலாறு நிற்கிறது. இந்த நாட்டில் நினைவிடங்களுக்குப் பணம் எங்கெங்கிருந்தெல்லாம் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1849 முதல் இருக்கும் டர்பன் தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. அது நகராட்சிப் பணத்தில் நடக்கிறது.

வேலை தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது ‘எந்த இடம்?’ என்பதல்ல, ‘யாருடைய சம்பளப் பட்டியலில் என் பெயர் இருக்கும்?’ என்பதுதான். பூங்காவுக்குள் இருக்கும் உணவுக்கடை, பாதுகாப்பு, துப்புரவு, புகைப்படக் கவுண்ட்டர் ஆகியவை பெரும்பாலும் வெளி ஒப்பந்தக்காரர்களிடம் இருக்கும். சட்டையில் பூங்காவின் சின்னம் இருக்கும். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கும்.

கூட்டம் ஏறி இறங்கும், செலவு இறங்காது

மீன்காட்சியகத்தில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் பம்புகள் இரவு பகல் ஓடியாக வேண்டும். டால்பினுக்கும் பெங்குவினுக்கும் பார்வையாளர் வராத செவ்வாய்க்கிழமையும் பசிக்கும். மின்வெட்டு கடுமையாக இருந்த 2022, 2023 ஆண்டுகளில் இதே பம்புகளுக்கு டீசல் ஊற்ற வேண்டியிருந்தது. காப்பீடு, கடன் வட்டி, இயந்திரப் பரிசோதனை எதுவும் கூட்டத்தைப் பார்த்துக் குறைவதில்லை.

வருமானமோ தலைகீழ். விற்காமல் போன இன்றைய டிக்கெட்டை நாளை விற்க முடியாது. டிசம்பர் நடுவில் பள்ளிகள் மூடியதும் உள்நாட்டு மக்கள் டர்பன் கடற்கரையை நோக்கித் திரளுகிறார்கள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் மணல் காலியாகிறது. ஈஸ்டரில் ஒரு சிறு அலை, ஜூன், ஜூலை விடுமுறையில் இன்னொன்று. கேப் டவுனில் காற்றும் சேர்ந்துகொள்கிறது. 1929 முதல் இயங்கும் டேபிள் மவுன்டன் கேபிள் கார், காற்று வேகம் கூடினால் நிறுத்தப்படும். கடல் கொந்தளித்தால் ராபன் தீவுப் படகு கிளம்பாது.

இவையெல்லாம் எதிர்பார்க்கக்கூடிய ஏற்ற இறக்கம். எதிர்பாராத அடிகளையும் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணம் நிறையவே வாங்கியது: 2020 மார்ச்சில் பொதுமுடக்கம், அதே ஆண்டு டிசம்பரில் மூடப்பட்ட கடற்கரைகள், 2021 ஜூலைக் கலவரம், 2022 ஏப்ரல் வெள்ளம். வெள்ளத்தில் கழிவுநீர்க் கட்டமைப்பு சிதைந்ததால் குளிக்கத் தடை வந்த கடற்கரைகளில் வியாபாரம் விழுந்தது.

நிர்வாகத்தின் கையில் குறைக்கவும் கூட்டவும் கூடிய செலவு ஒன்றுதான் மிஞ்சுகிறது: ஆட்களின் வேலை நேரம். பருவகால ஆள், வார இறுதி ஆள், கூப்பிட்டால் வரும் ஆள் என்ற வகைகளெல்லாம் இந்தக் கணக்கின் பிள்ளைகள். மழை பெய்தால் வரும் நட்டத்தை முதலாளி, காப்பீட்டு நிறுவனம், தொழிலாளி ஆகிய மூவரில் யார் தலையில் வைப்பது என்பதே கேள்வி. சட்டம் தலையிடாவிட்டால் அது எப்போதும் மூன்றாமவர் தலையில்தான் இறங்கும்.

சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது?

1. குறைந்தபட்சக் கூலி. 2019இல் மணிக்கு 20 ரேண்டாகத் தொடங்கிய தேசியக் குறைந்தபட்சக் கூலி, 2025 மார்ச் 1 முதல் 28.79 ரேண்ட் ஆனது. ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யப்படுகிறது. போக்குவரத்துப் படி, உணவு, சீருடை, போனஸ், பார்வையாளர் தரும் டிப்ஸ் ஆகிய எதையும் இந்தத் தொகைக்குள் சேர்த்துக் கணக்குக் காட்டக் கூடாது. ‘டிப்ஸோடு சேர்த்தால் நல்ல காசு’ என்று வேலைக்கு எடுப்பவர் சொன்னால், டிப்ஸைக் கழித்துவிட்டு எவ்வளவு என்று கேளுங்கள்.

2. நான்கு மணி நேர விதி. இந்தத் தொழிலுக்கென்றே எழுதியதுபோல ஒரு விதி இருக்கிறது, தெரிந்தவர்கள்தான் குறைவு. அடிப்படைப் பணி நிபந்தனைகள் சட்டத்தின் 9ஏ பிரிவின்படி, ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கும் குறைவாக வேலை செய்தவருக்கும் நான்கு மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும். காலை ஒன்பதுக்கு வேலை தொடங்கி, பத்தரைக்கு இடியும் மின்னலும் வந்து சறுக்குகளை மூடி, ‘வீட்டுக்குப் போங்கள்’ என்று அனுப்பினால், ஒன்றரை மணி நேரக் கூலியைக் கொடுத்து முடித்துக்கொள்ள முடியாது, 2025ஆம் ஆண்டின் 28.79 வீதத்தில் 115.16 ரேண்ட் வர வேண்டும். ஆனால் முந்தின இரவே ‘நாளை வர வேண்டாம்’ என்று செய்தி அனுப்பிவிட்டால் இந்த விதி உதவாது. வானிலை அறிக்கையை நிர்வாகிகள் இவ்வளவு கவனமாகப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

3. நேர வரம்பு. வாரத்துக்கு 45 மணி நேரம். அதற்கு மேல் ஒப்புதலோடு 10 மணி நேரம்வரை, ஒன்றரை மடங்குக் கூலியில். இரண்டு வேலை நாட்களுக்கு இடையில் 12 மணி நேர ஓய்வு. மாலை ஆறு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடைப்பட்ட இரவு வேலைக்குக் கூடுதல் படியோ குறைந்த நேரமோ தர வேண்டும்; வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போக்குவரத்து வசதியும் இருந்தாக வேண்டும். விளக்குத் திருவிழா, கச்சேரி என்று இரவில் நீளும் டிசம்பர் நிகழ்ச்சிகளில், டர்பன் புறநகர்களான சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் திரும்ப வேண்டிய பெண்களுக்கு இது வெறும் காகித உரிமை அல்ல. மினிபஸ் டாக்சி ஓடாத நேரத்தில் வேலை முடியும் என்றால், எப்படிப் போவது என்பதைப் பணியில் சேரும்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

4. பணப்பெட்டிப் பற்றாக்குறை. மாலையில் எண்ணும்போது டிக்கெட் கவுண்ட்டரில் 300 ரேண்ட் குறைகிறது. மாதக் கடைசியில் அது சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. நேராக இப்படிப் பிடிக்க முடியாது. இழப்பு தொழிலாளியின் தவறால் நேர்ந்தது என்று காட்ட வேண்டும், அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், அவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அதன் பிறகும் பிடித்தம் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. ஒரே பெட்டியை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் யார் தவறு என்று காட்டுவது கடினம். அதனால்தான் பலரிடம் முதல் நாளே பொதுப்படையான ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். நடக்காத இழப்புக்கு முன்கூட்டியே வாங்கிய கையெழுத்து, விசாரணைக்கு ஈடாகாது.

5. வேலைக்குப் பணம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடை முன்பணம் என்று எந்தப் பெயரிலும் வேலை தேடுபவரிடம் பணம் கேட்பது சட்டவிரோதம். நவம்பர் மாத மோசடிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியில் அடையாளம் தெரிந்துவிடும் என்பது என் கணிப்பு.

ஒப்பந்தத்தின் நீளம்

குறித்த கால ஒப்பந்தத்தை முதலாளி மனம்போல நீட்டிக்கொண்டே போகலாம் என்பது பரவலான தவறான எண்ணம். தொழிலாளர் உறவுச் சட்டத்தில் 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வருமான உச்சவரம்புக்குக் கீழே சம்பாதிப்பவரை மூன்று மாதத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் வைத்திருக்க நியாயமான காரணம் வேண்டும். அந்தக் காரணம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த வரம்பு 2025இல் ஆண்டுக்கு 2.6 லட்சம் ரேண்டுக்குச் சற்று மேல். முன்வரிசைப் பணியாளர் ஏறத்தாழ எல்லோரும் அதற்குக் கீழேதான் வருவார்கள்.

சிக்கல் என்னவென்றால், ‘பருவகால வேலை’யும் சட்டம் ஏற்கும் நியாயமான காரணங்களில் ஒன்று. அப்படியானால் டிசம்பர் முதல் ஏப்ரல்வரை வைத்திருந்து அனுப்புவது சட்டப்படி சரியே. ஆனால் மே, ஜூன், ஆகஸ்ட் என்று ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே போனால் அது எந்தப் பருவம்? அந்த நிலையில் தொழிலாளி தன்னை நிரந்தரப் பணியாளராகக் கருதும்படி வாதிடலாம். புதுப்பிப்பார்கள் என்று நியாயமாக எதிர்பார்க்க இடம் கொடுத்துவிட்டுப் புதுப்பிக்காமல் விடுவதும் பணிநீக்கமாகவே கருதப்படும். பத்துப் பேருக்கும் குறைவான ஆட்களை வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கு மேற்சொன்ன மூன்று மாத விதி பொருந்தாது.

ஆள் அனுப்பும் தரகு நிறுவனம் வழியாகச் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு. மூன்று மாதம் கடந்ததும், இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை, பூங்காவே அவர்களது முதலாளி, தரகர் அல்ல. இந்த விளக்கத்தை அரசியல் சாசன நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது.

லேர்னர்ஷிப் என்பது படிப்பும் வேலையும் சேர்ந்தது. அதற்குத் தனியான உதவித்தொகை அட்டவணை உண்டு. குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாகவே வரும். முடித்தால் பதிவுபெற்ற தகுதி கிடைக்கும் என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். சுற்றுலாத் துறைப் பயிற்சி வாரியமான காத்ஸ்ஸெட்டாவில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தன்னார்வலர் என்றால் ஊதியமே கிடையாது. கூலிச் சட்டமும் பொருந்தாது. ஆமைக்குஞ்சு மீட்பிலோ அருங்காட்சியகத்திலோ வாரம் ஒரு காலை உதவுவது நல்ல காரியம். காலை எட்டு முதல் மாலை ஐந்துவரை கட்டாய ரோஸ்டரில் (பணி நேரப் பட்டியலில்) நிறுத்தி, ‘அனுபவம் கிடைக்கிறதே’ என்று சொல்வது வேறு காரியம்.

பெரிய வெள்ளியும் தீபாவளியும்

தமிழ்க் குடும்பங்களில் இந்தத் தொழில் அதிகம் உரசும் இடம் நாட்காட்டி.

பெரிய வெள்ளி கிறித்தவ விடுமுறை. ஆனால் டர்பனை அடுத்த மவுன்ட் எட்ஜ்கோம்பிலும் இசிப்பிங்கோவிலும் அன்றுதான் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். கரும்புத் தோட்டக் காலத்தில் எல்லோருக்கும் ஓய்வு கிடைத்த நாட்கள் ஈஸ்டர் நாட்களே என்பதால் இந்த வழக்கம் நிலைத்தது என்பார்கள். கேளிக்கைப் பூங்காக்களுக்கோ அது ஆண்டின் முக்கியமான வியாபார நாட்களில் ஒன்று. அன்று விடுப்புத் தர எந்த மேலாளருக்கும் மனம் வராது.

சட்ட நிலை இதுதான்: பொது விடுமுறை நாளில் வேலை செய்ய ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, கட்டாயப்படுத்த முடியாது. வழக்கமான வேலை நாளில் அந்த விடுமுறை வந்து, அன்று வேலை செய்தால் இரட்டைக் கூலி. வராவிட்டாலும் வழக்கமான கூலி உண்டு. ஆனால் பருவகால ஒப்பந்தங்களில் ‘எல்லாப் பொது விடுமுறைகளிலும் பணியாற்றச் சம்மதிக்கிறேன்’ என்ற வரி பெரும்பாலும் ஒளிந்திருக்கும். கையெழுத்துப் போட்ட பின் மாரியம்மனைக் காரணம் காட்டுவது தாமதம். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இரட்டைக் கூலி. ஞாயிறு வழக்கமான பணி நாளாகவே ஒப்பந்தத்தில் இருந்தால் ஒன்றரை மடங்கு. சுற்றுலாத் தலங்கள் இரண்டாவது வகையையே விரும்பி எழுதுகின்றன.

தீபாவளி தென்னாப்பிரிக்காவில் பொது விடுமுறை அல்ல. விடுப்பு எடுத்தால் ஆண்டு விடுப்பில் கழியும். 1994ஆம் ஆண்டுப் பொது விடுமுறைச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: முதலாளியும் தொழிலாளியும் ஒப்புக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். செப்டம்பர் 24 பாரம்பரிய நாளில் வேலை செய்துவிட்டு, தீபாவளியன்று சம்பளத்தோடு ஓய்வு எடுக்கலாம். முதலாளிக்கும் லாபம்: கூட்டம் நிறைந்த பாரம்பரிய நாளில் இரட்டைக் கூலி இல்லாமல் ஆள் கிடைக்கிறது. பல தலங்களில் இப்படிக் கேட்பவரே இல்லாததால் கொடுப்பவரும் இல்லை.

மூக்குத்தி, திருநீறு, காப்புக் கயிறு பற்றியும் கேள்வி எழும். பிள்ளை என்ற குடும்பப் பெயர் கொண்ட டர்பன் பள்ளி மாணவி ஒருவரின் மூக்குத்தி தொடர்பாக 2007இல் அரசியல் சாசன நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தென்னிந்தியத் தமிழ் இந்துக் குடும்பங்களின் இந்த வழக்கத்தை மதித்து, சீருடை விதியில் விலக்கு அளித்திருக்க வேண்டும் என்றது. அது பள்ளிக்கான வழக்கு. வேலையிடத்தில் அப்படியே ஒட்டாது. இருந்தாலும் ‘எங்கள் சீருடைக் கொள்கை இதுதான்’ என்ற ஒரு வாக்கியத்தோடு முதலாளி விவாதத்தை முடித்துவிட முடியாது. சுழலும் இயந்திரத்தருகே தொங்கும் நகை கூடாது என்பது வேறு, அது பாதுகாப்பு.

எந்த வேலை நிற்கும்?

முன்வரிசையில், அதாவது வாசல், கவுண்ட்டர், சறுக்கு மேடை ஆகிய இடங்களில், ஆட்கள் பருவத்தோடு வந்து போகிறார்கள். இணையத்தில் டிக்கெட் விற்பனையும் தானியங்கி வாசல்களும் வந்தபின் கவுண்ட்டர் வேலை மேலும் சுருங்குகிறது. பின்வரிசையில் நிலைமை வேறு. நீர்ச் சுத்திகரிப்புத் தொழில்நுட்பர், மின்வினைஞர், இயந்திரப் பராமரிப்பாளர், விலங்குப் பராமரிப்பாளர் ஆகியோர் பிப்ரவரியிலும் தேவை. பம்பு ஓடும்வரை அவர்கள் வேலையும் ஓடும். மீன்தொட்டிக்குள் இறங்கி வேலை செய்யப் பொழுதுபோக்கு முக்குளிப்பு அட்டை போதாது. தொழில்முறைச் சான்றிதழ் வேண்டும்.

வழிகாட்டி வேலை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கூலிக்கு வழிகாட்ட வேண்டுமானால் 2014ஆம் ஆண்டுச் சுற்றுலாச் சட்டப்படி மாகாணப் பதிவாளரிடம் பதிவு வேண்டும். பதிவின்றிச் செய்வது குற்றம். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி, முதலுதவிச் சான்று, குடியுரிமையோ நிரந்தர வசிப்போ பணி அனுமதியோ தேவை. ஒரே தலத்துக்கு மட்டும் பதிவு செய்யலாம், ஒரு மாகாணத்துக்கும் செய்யலாம், நாடு முழுவதற்கும் செய்யலாம். பயணிகளைத் தானே வண்டியில் ஏற்றிச் செல்பவருக்குத் தனி ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1893இல் காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையம், 1904இல் அவர் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பு, 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் கதையைச் சொல்லும் 1860 பாரம்பரிய மையம் என்று ஒரு பாதையே தயாராக இருக்கிறது. ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு அருகே இனாண்டாவில் இருக்கும் ஓலாங்கே பள்ளி, மண்டேலா 1994இல் வாக்களித்த இடம். 2024இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த தலங்களில் அதுவும் ஒன்று. இந்தியப் பயணக் குழுக்களின் விசாவை எளிதாக்க 2025இல் தென்னாப்பிரிக்கா நம்பகச் சுற்றுலா நிறுவனத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருபவர்களுக்கு இந்த வரலாற்றைத் தமிழில் சொல்லக்கூடிய பதிவுபெற்ற வழிகாட்டிகள் தேவைப்படுவார்கள்.

பருவம் முடிந்ததும்

1. வேலையின்மைக் காப்பீடு. மாதத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தவரின் சம்பளத்தில் ஒரு சதவீதமும் முதலாளியிடமிருந்து ஒரு சதவீதமும் யூஐஎஃப் நிதிக்குப் போகின்றன. வேலை செய்த ஒவ்வொரு நான்கு நாளுக்கும் ஒரு நாள் உதவித்தொகை சேரும். அறுபது நாள் பருவம் என்றால் பதினைந்து நாள். முந்தைய நான்கு ஆண்டுகளில் பயன்படுத்தாமல் விட்ட நாட்களும் கூடும். ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தால் கேட்கலாம். தானாக ராஜினாமா செய்தால் கிடைக்காது. ‘கடைசி வாரம் வர வேண்டாம், ராஜினாமா எழுதிக்கொடுத்துவிடு’ என்று மேலாளர் சொன்னால் எழுதாதீர்கள்.

2. காயம். சறுக்கில் வழுக்கி விழுந்து கை முறிந்தால், தற்காலிக ஆளானாலும் பணிக்காய இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். அதற்கான சந்தாவை முதலாளி மட்டுமே கட்ட வேண்டும்.

3. நியாயமற்ற பணிநீக்கம். சிசிஎம்ஏ என்ற சமரச, நடுவர் ஆணையத்தில் முறையிடக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நாள் கணக்கு மட்டும் கண்டிப்பு: வேலை போன நாளிலிருந்து 30 நாட்கள். டிசம்பர் 31இல் அனுப்பப்பட்டவருக்கு ஜனவரி 30 கடைசி நாள். தாமதமானால், தாமதத்துக்கான காரணத்தை விளக்கி மன்னிப்பு கோரும் தனி மனுவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அது ஏற்கப்பட்ட பிறகே வழக்கின் உள்ளடக்கத்தைப் பார்ப்பார்கள். அதனால் ரோஸ்டர், சம்பளச் சீட்டு, ‘நாளை வர வேண்டாம்’ என்ற வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றை முதல் வாரத்திலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். போனைத் தொலைத்துவிட்டு ஜனவரியில் தேடினால் கிடைக்காது.